வெள்ளத்தில் ஊறிய போர்க்காலக் கடிதங்கள்: உலர்த்தியதும் ஒட்டியதும் ஒட்டாமல் விட்டதும்

என் தாத்தாவும் ஆச்சியும் 1942 முதல் 1946 தொடக்கம் வரை ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்கள், ஏரல் பக்கத்தில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டின் அரங்கு அறையில், ஒரு தகர டிரங்குப் பெட்டிக்குள் இரண்டு கட்டுகளாக இருந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரங்களை மூழ்கடித்தபோது அந்த வீட்டுக்குள்ளும் தண்ணீர் ஏறிற்று. தரையோடு இருந்த பெட்டி வண்டல் கலந்த நீரில் ஊறியது. அந்தக் கடிதங்களை உலர்த்தி, துப்புரவு செய்து, ஒட்டவேண்டிய இடங்களை ஒட்டி, வரிசைப்படுத்தி வைத்த வேலையை இங்கே பதிவு செய்கிறேன். நனைந்து காய்ந்த பத்திரங்களையும் கல்யாணப் படங்களையும் பழைய வேதாகமங்களையும் என்ன செய்வதென்று தெரியாமல் இன்றும் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் பல இருப்பதால், செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடிதங்கள் எப்படிப்பட்டவை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், எதைப் பழுதுபார்ப்பது, எதைத் தொடாமல் விடுவது என்ற கேள்விக்கு அந்தக் கதைதான் விடை தந்தது. தாத்தா நாசரேத்துத் தொழிற்பள்ளியில் தச்சு வேலை படித்தவர். 1941இல் பெங்களூருக்குப் போய் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் சேர்ந்தார். அவர் இருந்த கம்பெனி நான்காம் இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்கா, இத்தாலி, கிரீஸ் என்று போயிற்று. ஆச்சி பாளையங்கோட்டை சாராள் தக்கர் பள்ளியில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர். தாத்தா பட்டாளத்துக்குப் போன பிறகுதான் அவர் எங்கள் ஊர் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வேலைக்கு வந்தார். ஆகவே ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. தாத்தாவின் தாயாரான பூட்டிக்கு எழுத்து தெரியாது. மகன் எழுதும் கடிதத்தை வாசித்துக் காட்டுவதற்கும் பதில் எழுதிக் கொடுப்பதற்கும் பூட்டி போய் நின்ற இடம் பள்ளிக்கூட டீச்சரின் வீட்டு வாசல். அங்கே தொடங்கியது, 1946இல் எங்கள் ஊர் வேதக்கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசித்து முடிந்த கல்யாணம்.

ஈரக் காகிதத்துக்கு முதல் எதிரி பூஞ்சணம். நம் பக்கத்து வெக்கையில் நனைந்த தாளில் இரண்டு நாளைக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிடும். ஊரில் மின்சாரம் இல்லை, சாலையும் இல்லை. வெள்ளம் வடிந்து பெட்டியைப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தபோது கட்டுகளின் ஓரங்களில் கருஞ்சாம்பல் நிறத்தில் புள்ளிகள் வந்திருந்தன. இந்த நிலையில் எல்லோருக்கும் தோன்றுவது, தாள்களை ஒவ்வொன்றாக உரித்து வெயிலில் பரப்பிவிடலாம் என்பது. அப்படிச் செய்யக் கூடாது. ஊறிய தாளுக்கு வலு கிடையாது. பிரிக்கும்போது பிய்ந்து வரும். நேர் வெயிலில் காய்ந்தால் சுருண்டு விறைத்துப்போவதோடு மையும் வெளுத்துவிடும். செய்ய வேண்டியது அந்தச் சேதத்தை இருந்த நிலையிலேயே நிறுத்திவைப்பதுதான். கட்டுகளை அவிழ்க்காமல், இயல்பாகப் பிரிந்து நின்ற இடங்களில் மட்டும் பட்டர் பேப்பரைச் செருகி, சிறு சிறு பொதிகளாகப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, வீட்டு ஃப்ரீசரில் வைத்துவிட்டேன். உறைகுளிரில் பூஞ்சணம் சாகாது என்றாலும் வளராது; தாளுக்குள் ஒளிந்திருக்கும் ராமபாணப் பூச்சியோ இரண்டு வாரம் மைனஸ் 18 டிகிரியில் கிடந்தால் முட்டையோடு அழிந்துவிடும். அவசரம் என்ற ஒன்றை இப்படிக் கடந்த பிறகு, ஒரு பொதி, ஒரு பொதியாக எடுத்து நிதானமாக வேலை செய்ய முடிந்தது.

ஒவ்வொரு பொதியையும் பையோடு வைத்துக் குளிர் விட்டதும், மைக்காகிதத்தின் (மையையும் ஈரத்தையும் உறிஞ்சும் பிளாட்டிங் தாளின்) மேல் கிடத்தி, தானாக நெகிழ்ந்து கொடுக்கும் தாளை மட்டும் மெல்லிய பாலியெஸ்டர் தாளின் துணையோடு தூக்கினேன். பாலியெஸ்டர் தாளை ஈரத் தாளின் மேல் படியவைத்தால் இரண்டும் பற்றிக்கொள்ளும். பிறகு தூக்கும் பாரம் கடிதத்தின் மேல் விழாது. தூக்கிய தாளைத் துவைத்துக் கஞ்சி நீக்கிய பழைய மல் வேட்டித் துணியின் மேல் இறக்கி, பட்டாசலில் (வீட்டின் நடுக்கூடத்தில்) கயிறு கட்டாமல் பெஞ்சுகளின் மேல் பரப்பி, மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழலும்படி வைத்தேன். காற்று அறையில் நகர வேண்டும். தாளின் மேல் வீசக் கூடாது. அரைகுறை ஈரத்தில் இருக்கும்போதே மைக்காகிதங்களுக்கு நடுவே வைத்து, மேலே பலகையும் கனமும் ஏற்றினால் தாள் நெளியாமல் காயும். மைக்காகிதத்தை முதல் நாளில் அடிக்கடி மாற்றவேண்டும். அந்த இடத்தில் சோம்பினால் பூஞ்சணம் திரும்பவும் வந்துவிடும்.

காய்ந்த பிறகே வண்டலில் கை வைத்தேன். ஈர வண்டலைத் துடைத்தால் அது நாருக்குள் இறங்கிவிடும். காய்ந்த வண்டல் தூளாக நிற்கும், மென்மையான ஆட்டுமயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளினால் உதிர்ந்துபோகும். இதைத் தார்சாவில் (வீட்டு முன்தாழ்வாரத்தில்), காற்று வெளியே போகும் பக்கமாக உட்கார்ந்து, என்95 முகமூடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும். வெள்ளத்து வண்டலில் சாக்கடையும் கலந்திருக்கிறது, பூஞ்சண வித்து மூச்சுக்குழலுக்கு ஆகாது. பழைய தாள் என்ற மரியாதையில் வெறுங்கையால் தொடுவது நல்ல பழக்கமே. பூஞ்சணம் பிடித்த தாளுக்கு மட்டும் அது பொருந்தாது.

எழுதப் பயன்பட்ட பொருள் எது என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் உயிர்நிலை. பூதக்கண்ணாடியில் மூன்று வகை தெரிந்தது. ஆச்சியின் கடிதங்கள் பள்ளிக்கூட நோட்டுத் தாளில் நீலக் கறுப்பு மையால் எழுதப்பட்டவை. இரும்புச் சத்தும் கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து கறுக்கும் அந்த மை, தண்ணீரில் ஓரளவுக்குத் தாக்குப்பிடித்திருந்தது. தாத்தாவின் கடிதங்களில் சில சாதாரணப் பென்சில். அதற்கு வெள்ளத்தால் ஒன்றும் ஆகவில்லை. அவருடைய பெரும்பாலான கடிதங்கள் காப்பிங் பென்சிலால் எழுதப்பட்டவை. அந்தப் பென்சிலின் குச்சியில் கரியோடு அனிலின் சாயமும் கலந்திருக்கும். உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் சாதாரணப் பென்சில் எழுத்தாகவே தோன்றும். ஈரம் பட்ட கணத்தில் ஊதாவாகப் பூத்து மையாகிவிடும். மைக்கூட்டைச் சுமந்து திரிய முடியாத இடத்தில், அழிக்கவும் முடியாத எழுத்து வேண்டும் என்பதற்காகப் பட்டாளத்தில் அதைப் புழங்கினார்கள். வெள்ள நீர் அந்தச் சாயத்தை எழுப்பிவிட்டது. ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் ஊதா வளையம். சில தாள்களில் வரி முழுவதும் கரைந்து ஒரே ஊதாப் பட்டை. ஆனால் கரி நகரவில்லை. பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விளக்கைப் பிடித்துப் பார்த்தால், ஊதாவுக்கு அடியில் பென்சில் அழுத்திய பள்ளமும் கரியின் மினுக்கமும் எழுத்து எழுத்தாகத் தெரிகின்றன. மங்கிய தாள்களை அப்படிச் சாய்வொளியில் படமெடுத்தே வாசித்தேன்.

ஊதாக் கறையை எடுக்க முடியுமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் ஒன்றுதான்: எடுக்கக் கூடாது. கறையைக் கரைக்கும் எதுவும் எழுத்தையும் கரைக்கும். சாராயத்தில்கூட அந்தச் சாயம் கரையும். அதோடு, அந்தக் கறை இந்தக் கட்டில் ஒரு வேலையும் செய்திருக்கிறது. நனைந்த தாளிலிருந்து ஊதாச் சாயம் பக்கத்துத் தாளில் கண்ணாடிப் பிம்பமாகப் படிந்திருந்தது. எந்தத் தாளில் எதன் பிம்பம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தபோது, நாடா அவிழ்ந்து கலைந்துபோன கட்டில் ஆச்சி எந்தக் கடிதத்துக்கு அடுத்து எதை வைத்திருந்தார் என்பது தெரிந்துவிட்டது. அவர் தேதி வரிசையில் அடுக்கவில்லை. தாத்தாவின் கடிதத்துக்கு மேல் அதற்குத் தாம் எழுதிய பதிலை வைத்து இணை இணையாக அடுக்கியிருந்தார். கப்பலில் கடிதம் வந்து சேர வாரக்கணக்கிலும், சிலவேளை மாதக்கணக்கிலும் ஆன காலம் அது; கேள்வியும் பதிலும் வழியில் ஒன்றையொன்று கடந்து போயிருக்கும். தேதிப்படி அடுக்கினால் இருவரும் வேறு வேறு பேச்சுப் பேசுவதாகவே தோன்றும். தாத்தா தம்மிடமிருந்த ஆச்சியின் கடிதங்களைப் பட்டாளத்துப் பையில் திரும்பக் கொண்டுவந்த பிறகு, யாருக்கு யார் என்ன பதில் சொன்னார் என்பதை ஆச்சி உட்கார்ந்து கோத்திருக்கிறார். ஈரத்தின் தடயத்தை வெளுத்திருந்தால் இது போயிருக்கும்.

குண்டூசிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் ஆண்டுக் கடிதங்களில் துருப்பிடித்த குண்டூசிகள் இருந்தன. துருவேறிய ஊசியை இழுத்தால் தாள் துருவோடு பெயர்ந்து வரும். ஊசியின் இருபுறமும் தாளுக்கும் உலோகத்துக்கும் இடையே பாலியெஸ்டர் தாளின் சிறு துண்டைச் செருகி, துரு பிடித்து ஒட்டிய இடத்தை மழுங்கிய சிறு கத்தியால் நெகிழ்த்தி, ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுழற்றிக்கொண்டே பின்னுக்கு எடுத்தேன். துருப்பொடியைத் தூரிகையால் நீக்கியதோடு சரி; துருக்கறையைப் போக்க அமிலம் எதையும் வைக்கவில்லை. ஊசிகளை எடுத்த பிறகு அவை எதைச் சேர்த்துப் பிடித்திருந்தன என்று பார்த்தேன். பூட்டி சொல்லச் சொல்ல எழுதிய கடிதம் முழுத் தாளில் இருந்தது. மாடு கன்று போட்டது, பதநீர்ப் பருவம் முடிந்தது, கருப்பட்டி விலை, அரிசி கிடைக்காத கஷ்டம், ஸ்டீபன் நீல் பிஷப் திடப்படுத்தல் ஆராதனைக்கு வந்தது என்று தாயின் வாய்மொழியாகவே ஓடும். அதன் மேல் ஊசியால் குத்தியிருந்தது விரலகலச் சீட்டு. அதில் ஆச்சி தம் பொறுப்பில், உங்கள் அம்மா இன்னின்ன செய்தியை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றார்கள், ஆனாலும் தெரிவிப்பது என் கடமை என்று, காய்ச்சலையும் வீட்டுக் கூரையையும் பற்றி எழுதியிருக்கிறார். தாயின் பேச்சில் தம் பேச்சு கலந்துவிடக் கூடாது என்ற நேர்மையால்தான் தனிச் சீட்டு. தாத்தாவும் பதிலின் கடைசியில், கடிதம் எழுதிக் கொடுக்கும் டீச்சர் அவர்களுக்குத் தோத்திரம் என்று ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டார். 1943 மத்தியில் ஊசித் துளைகள் நின்றுவிடுகின்றன. சீட்டு இல்லை, பூட்டியின் கடிதத்துக்குக் கீழே, அதே தாளில், ஒரு கோடு போட்டு ஆச்சியின் வரிகள் தொடங்குகின்றன. ஆகவே துளைகளை நான் அடைக்கவில்லை. ஊசிகளைத் துரு நீக்கி, எந்தக் கடிதத்துடையது என்று எழுதிய சிறு உறைகளில் தனியே வைத்திருக்கிறேன்.

கிழிசல்களை ஒட்டும் பசைக்கு வெளியூர் போக வேண்டியதில்லை. காகிதப் பாதுகாப்பில் உலகம் முழுவதும் நம்பும் பசை கோதுமை மாவுச்சத்துப் பசை. அது திருநெல்வேலி அல்வாவுக்கு எடுக்கும் கோதுமைப் பாலேதான். சம்பாக் கோதுமையை ஊறவைத்து ஆட்டி, துணியில் பிழிந்து, பாலைத் தெளியவிட்டு, மேலே நிற்கும் மஞ்சள் நீரை இறுத்துவிட வேண்டும். அல்வாவுக்கு ஓரிரு முறை தெளிந்தால் போதும். பசைக்கு மேல்நீர் நிறமே இல்லாமல் தெளியும் வரை புதுத் தண்ணீர் ஊற்றி ஊற்றி இறுத்துக்கொண்டே இருக்க வேண்டும்; ஒட்டும் புரதம் நீங்கி வெறும் மாவுச்சத்து மட்டும் அடியில் நிற்க வேண்டும் என்பதே நோக்கம், ஏனென்றால் புரதம் பூச்சியை அழைக்கும், காலப்போக்கில் மஞ்சளாகவும் செய்யும். ஒரு பங்கு மாவுச்சத்துக்கு ஐந்து பங்கு தண்ணீர் விட்டு, சிறு தீயில் அரைமணி நேரம் கை விடாமல் கிண்டினால் வெள்ளை மாறிக் கண்ணாடிப் பதம் வரும். ஆறவைத்து, மெல்லிய சல்லடையில் இரண்டு தரம் தேய்த்து இறக்கி, வேண்டிய அளவுக்கு நீர் விட்டு இளக்கிக்கொள்ளலாம். மூன்று நாளைக்கு மேல் வைக்கக் கூடாது. புளித்த பசை தாளுக்கு ஆகாது. நம் ஊர் பைண்டிங் கடைகளில் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பது பழைய வழக்கம். கடிதத்துக்கு அந்தப் பசை வேண்டவே வேண்டாம். துத்தத்தில் உள்ள செம்பு, தாளின் நாரை உள்ளிருந்தே அரித்துப் பழுப்பாக்கிவிடும்.

ஒட்டுக்குப் பயன்படுத்தியது ஜப்பானிய மல்பெரி நார்த்தாள். அதைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது. நனைத்த தூரிகையால் ஒரு கோடு இழுத்து, கோட்டின் வழியே இழுத்துப் பிய்த்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும். அந்த நார்தான் கடிதத்தோடு படிந்து பிடிக்கும். கிழிசலின் இரு விளிம்புகளையும் பொருத்தி, பின்புறத்தில் நார்த்தாள் பட்டையைப் பசையோடு வைத்து, ஒட்டாத பாலியெஸ்டர் வலைத்துணியும் மைக்காகிதமும் மேலே போட்டுக் கனம் வைத்தால் மறுநாள் காலையில் தாள் ஒன்றாக இருக்கும். பசையில் தண்ணீர் இருப்பதால், வைக்கும் முன் ஒவ்வொரு தாளிலும் எழுத்தின் ஒரு சிறு புள்ளியில் ஈரப் பஞ்சுமுனையைத் தொட்டு, மைக்காகிதத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். ஒற்றில் நிறம் வந்தால் அங்கே ஈரப்பசை கிடையாது. தாத்தாவின் ஊதாத் தாள்களில் எழுத்தின் குறுக்கே ஓடும் கிழிசல்களை இந்தக் காரணத்தால் ஒட்டாமலே விட்டேன். கிழிந்த தாளை அமிலமற்ற கெட்டித் தாள் மடிப்புக்குள் இரு விளிம்பும் பொருந்த வைத்துவிட்டால் அது மேற்கொண்டு கிழியாது. ஒட்டித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஒரு கடிதத்தின் முதுகில் பல ஆண்டுகளுக்கு முன் யாரோ செலோ டேப் ஒட்டியிருந்தார்கள். டேப்பின் மேல்படலம் தானாகவே உரிந்து வந்தது. பசை தாளுக்குள் இறங்கிக் கடுகெண்ணெய்க் கறை நிறத்தில் நின்றது. அதை நீக்குவது பயிற்சி பெற்ற காகிதப் பாதுகாப்பாளரின் வேலை என்பதால் விட்டுவிட்டேன். லேமினேஷனைப் பற்றியும் இதையே இன்னும் அழுத்திச் சொல்வேன். கல்யாணச் சான்றிதழையும் ஞானஸ்நானச் சான்றிதழையும் கடையில் கொடுத்துச் சூட்டில் பிளாஸ்டிக் ஒட்டி வாங்கிவந்தால் அது பாதுகாப்பாகத் தோன்றும். உண்மையில் தாளும் பிளாஸ்டிக்கும் பிரிக்க முடியாத ஒரே பொருளாகி, உள்ளேயே அமிலம் முற்றி உதிரும்.

இனி ஓட்டைகள். இரண்டு வகை ஓட்டைகள் இந்தக் கட்டில் இருந்தன, அவற்றைப் பிரித்தறிவது முக்கியம். ராமபாணப் பூச்சி தின்ற இடம் மேலாகச் சுரண்டியது போல மெலிந்து மெலிந்து, ஒழுங்கற்ற விளிம்போடு இருக்கும். அந்த இடங்களை நார்த்தாளால் அடைத்தேன். இன்னொரு வகை நேர்விளிம்பு கொண்ட நீள்சதுர ஓட்டை. நான்கு மூலையும் கூராக, கத்தியால் வெட்டி எடுத்தது. அது ராணுவத் தணிக்கை அலுவலரின் வேலை. உறைகளில் தணிக்கை முத்திரை இருக்கிறது. அஞ்சல் முத்திரையிலும் ஊர்ப்பெயர் இல்லாமல் கள அஞ்சலகத்தின் எண்ணும் தேதியும் மட்டுமே இருக்கும். படைவீரர் தாம் இருக்கும் இடத்தையோ கம்பெனியின் வேலையையோ எழுதக் கூடாது. எழுதினால் மையால் அழிப்பார்கள் அல்லது வெட்டி எடுப்பார்கள். பழுதுபார்க்கும் கை, ஓட்டையைக் கண்டால் அடைக்கவே நீளும். இந்த ஓட்டைகளை நான் அடைக்கவில்லை. வெட்டு விளிம்பு மேலும் கிழியாமலிருக்கப் பின்புறம் மயிரிழை அகலத்தில் நார்த்தாள் கொடுத்ததோடு நிறுத்திக்கொண்டேன்.

அவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். 1944 டிசம்பரில் தேதியிட்ட, ஒய்.எம்.சி.ஏ.வின் சிவப்பு முக்கோணம் அச்சிட்ட தாள். நல்ல வேளையாகக் காப்பிங் பென்சில் அல்ல, சாதாரணப் பென்சில். தாயாருக்குக் குளிரைப் பற்றியும் கம்பளிச் சட்டையைப் பற்றியும் எழுதிவிட்டு, இப்போது எங்களைக் கொண்டுவந்திருக்கும் ஊர் என்று தொடங்கும் வரியில் ஊர்ப்பெயர் இருந்த இடம் ஓட்டை. வாக்கியம் ஓட்டைக்கு அப்பால் தொடர்ந்து, இதைப் பற்றி டீச்சருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும் என்று முடிகிறது. அதற்குக் கீழே, கையெழுத்துக்குப் பிறகு, இரண்டு எழுத்தும் எண்களும்: 1 தெச. 2:17. வேதாகமத்தில் தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் நிருபத்தைத் திறந்து பார்த்தால் அந்த வசனத்தில் பவுல் அப்போஸ்தலன், உடலளவில் கொஞ்சக் காலம் பிரிந்திருந்தாலும் இருதயத்தில் பிரியவில்லை என்றும், உங்கள் முகத்தைப் பார்க்க மிகுந்த ஆசையோடு முயன்றோம் என்றும் எழுதுகிறார். நான்காம் இந்திய டிவிஷன் 1944 இறுதியில் இத்தாலியிலிருந்து கிரேக்க நாட்டுக்கு அனுப்பப்பட்டது. அதன் ஒரு பிரிகேட் சலோனிக்காவில் இறங்கியது. வேதாகமத்தில் வரும் தெசலோனிக்கே பட்டணம்தான் அது. தணிக்கை அலுவலர் ஊர்ப்பெயரை வெட்டி எடுத்தார்; அதே பெயரின் முதல் எழுத்துகள் கீழே வேதவசனக் குறிப்பாக நின்றதை விட்டுவிட்டார். முகத்தையே பார்த்திராத ஒரு பெண்ணுக்குத் தாம் இருக்கும் இடத்தையும் தம் மனத்தில் இருப்பதையும் தாத்தா ஒரே குறிப்பில் சொல்லியிருக்கிறார். அதற்கு முந்தைய கடிதங்களில் ஆச்சிக்கென்று அவர் எழுதிய எல்லாம் நன்றியும் விசாரிப்பும் மட்டுமே.

ஆச்சியின் பதில் எது என்று கண்டுபிடிக்க ஊதாப் பிம்பம் உதவவில்லை, ஏனென்றால் இந்த இணையில் ஊதாவே கிடையாது. ஆச்சியின் ஒரு தாளில் தேதி இருந்த மேல்மூலை கரைந்துபோயிருந்தது. ஆனால் அதில், தோர்ணக்கல் அசரியா பிஷப் காலமான செய்தி வந்ததையும், அவர் பிறந்த வெள்ளாளன்விளையில் ஜனங்கள் துக்கப்படுவதையும் பூட்டி சொல்ல எழுதியிருக்கிறார். வேதநாயகம் சாமுவேல் அசரியா காலமானது 1945 ஜனவரி 1ஆம் தேதி. ஆகவே கடிதம் அந்த ஜனவரியில் எழுதியது. கோட்டுக்குக் கீழே ஆச்சியின் பங்கில் ஒரு வாக்கியம்கூட இல்லை. 1 தெச. 3:6 என்று மட்டும் இருக்கிறது. அதே நிருபத்தில் அடுத்த அதிகாரம். நாங்கள் உங்களைக் காண ஏங்குவது போலவே நீங்களும் எங்களை எப்போதும் அன்போடு நினைத்து, காண ஏங்குகிறீர்கள் என்று தீமோத்தேயு வந்து சொன்னான் என்பது அந்த வசனத்தின் பொருள். இந்தத் தாளின் கீழ்மூலையில் கிழிசல் ஒன்று அந்த எண்களுக்கு மிக அருகில் வந்து நின்றிருந்தது. நீலக் கறுப்பு மையின் மேல் ஈரம் பட்டால் அதிலுள்ள இரும்பு பக்கத்து நாருக்குப் பரவி அரிக்கும் என்பதால், இளக்கிய பசையை மைக்காகிதத்தில் தொட்டுத் தொட்டு ஈரத்தைக் குறைத்து, எண்களைத் தொடாமல் ஒட்டினேன். முழு வேலையிலும் மிகக் கவனமாகச் செய்த ஒட்டு அது.

போரைப் பற்றிக் கடிதங்கள் ஏறக்குறைய மௌனமாகவே இருக்கின்றன. 1944 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நான்காம் டிவிஷன் இத்தாலியில் காசினோ மலைமுன் நின்றது. அந்த டிவிஷனின் மெட்ராஸ் சாப்பர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று, வெடிக்கவிருந்த கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி உயிரை விட்டார். அவருக்கு மறைவுக்குப் பின் ஜார்ஜ் கிராஸ் என்ற பிரிட்டிஷ் வீர விருது வழங்கப்பட்டது. அந்த வாரங்களில் தாத்தா எழுதிய கடிதம் ஒன்றில், மரவேலை நிறைய இருக்கிறது, ஜெபித்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் எதுவுமில்லை. அந்தத் தாளில் காப்பிங் பென்சில் மிக ஆழமாக அழுந்தி, சில இடங்களில் தாளையே கீறியிருக்கிறது. மற்ற எந்தக் கடிதத்திலும் அப்படி இல்லை. தாளை நீராவியில் நெகிழ்த்தி அழுத்தித் தட்டையாக்கியிருந்தால் அந்தப் பள்ளங்கள் மறைந்திருக்கும். மடிப்பு நிமிர்த்துவதற்கான ஈரப்பதப் பெட்டி முறையை ஆச்சியின் தாள்களுக்கு மட்டும் பயன்படுத்தினேன்: மூடியுள்ள பிளாஸ்டிக் தொட்டியின் அடியில் ஈர மைக்காகிதம், அதற்கு மேல் கம்பி வலை, வலையின் மேல் கடிதம்; தண்ணீர் எங்கும் தாளைத் தொடாமல், காற்றின் ஈரத்தாலேயே தாள் இளகும். தாத்தாவின் தாள்கள் மடித்த மடிப்போடே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடைசி இணை 1946 தொடக்கத்தில் எழுதியது. தாத்தா பெங்களூர் திரும்பி, விடுவிப்புக்குக் காத்திருந்தபோது அனுப்பியது. உறையில் 1946 ஜனவரியில் வெளியான போர் வெற்றி அஞ்சல்தலை. தலையின் கோந்து நனைந்து பக்கத்து உறையோடு பிடித்துக்கொண்டிருந்தது; அதையும் ஈரப்பதப் பெட்டியில் வைத்து இளக்கிப் பிரித்தேன். உள்ளே முதன்முறையாகத் தாயாருக்குத் தனித் தாளும் டீச்சருக்குத் தனித் தாளும் இருக்கின்றன. டீச்சரின் தாளில் பிலேமோன் 22 என்று குறித்து, அதன்படி செய்யச் சம்மதமானால் தம் தாயார் முறைப்படி பெண் கேட்டு வருவார்கள் என்று எழுதியிருக்கிறார். தாம் வந்து தங்க ஓர் இடத்தை ஆயத்தம்பண்ணச் சொல்லும் வசனம் அது. இதற்கு ஆச்சி எழுதிய பதில் கட்டில் இல்லை. பூட்டி நேரில் போனதால் எழுத அவசியம் ஏற்பட்டிருக்காது.

வைப்புமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லாத் தாள்களையும் இருபுறமும் படமெடுத்து மூன்று வேறு இடங்களில் பிரதி வைத்தாயிற்று. கடிதங்களை அமிலமற்ற மடிப்புத் தாள்களில், ஆச்சி அடுக்கிய இணை வரிசையிலேயே, அட்டைப் பெட்டியில் வைத்தேன். அந்துருண்டை போடவில்லை, அதன் ஆவி தாளுக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. பெட்டிக்குள் சிறு ஈரப்பதமானி ஒன்றும் சிலிகா ஜெல் பையும் இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகையில் அளவு 60 சதவீதத்தைத் தாண்டும்போது ஜெல்லைச் சூடாக்கி மாற்ற வேண்டும். பெட்டி இப்போது பாளையங்கோட்டை வீட்டில், வெளிச்சுவரைத் தொடாத அலமாரியில், இடுப்புக்கு மேல் உயரத்தில் இருக்கிறது. தகர டிரங்கை ஊரிலேயே விட்டுவிட்டோம்.

இனி எழுத்துப்பெயர்ப்பு வேலை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய கொம்புகளும் சுழிகளும் தெரியாத என் பிள்ளைகளின் தலைமுறைக்காக இன்றைய எழுத்தில் படியெடுக்கிறேன்; சொற்களையும் சந்தியையும் நிறுத்தக் குறியில்லாத நீள வாக்கியங்களையும் அப்படியே வைக்கிறேன். தணிக்கையில் வெட்டுப்பட்ட இடங்களில் ஊகித்த ஊர்ப்பெயரை நிரப்பாமல், வெட்டின் அகலத்தை மில்லிமீட்டரில் அடைப்புக்குறிக்குள் குறிக்கிறேன். வேதவசனக் குறிப்புகளையும் அவர்கள் எழுதிய சுருக்க வடிவத்திலேயே விட்டிருக்கிறேன். வேதாகமத்தைத் திறந்து பார்க்கும் வேலை வாசிப்பவருடையது.